கதிரைக் கணக்கு

மல்லாவியில் கதிரை வாடகைக்கு விடுகிறவன் நான்.
கூட்டம் எப்பிடி எண்டு கேட்டால்
முடிஞ்ச பிறகு கதிரையைப் பார்த்துச் சொல்லுவன்.
தேர்தல் கூட்டமெண்டால் போட்ட வரிசை குலையாது.
செத்தவீடெண்டால் நாலும் அஞ்சுமாய் வட்டம்.
கலியாணவீட்டில் பின்வரிசை முழுக்கச்
சாப்பாட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்.

போன ஆடியில் லண்டனிலிருந்து ஒருத்தர் வந்தார்,
புவிராஜசிங்கம்.
அங்கை ரீவியில் பகிடி நடிகராம்.
யோகபுரத்து ஆள்தான், எண்பத்தெட்டில் போனது.
இருநூற்றைம்பது கதிரை கேட்டார்.
நூறு காணும் எண்டன்.
"நூறுக்குச் சிரிப்பு ஏறாது, தம்பி."

கதிரை இறக்கேக்கை தன்ர தொழிலைச் சொன்னார்.
முதல் ஏழு வருசம் வாயே திறக்கேல்லையாம்:
ரக்சிக்காரன்,
ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருமுகிறவன்,
கதாநாயகன் தடக்கி விழுறதுக்காக
வழியில் நிக்கிறவன்.
பிறகு ஒரு தொடரில் பெற்றோல் செட் காசாளர்.
பதினொரு வருசம், ஒரே வசனம்:
"வேற ஏதும்?"
வெள்ளைக்காரச் சனம் றோட்டில் மறிச்சு
அதைச் சொல்லச் சொல்லிக் கேக்குமாம்.
தாய் செத்தபோது பெட்டி எடுக்கப் போன இடத்திலும்
கடைக்காரன் கேட்டானாம்.
சொன்னீங்களோ எண்டன்.
"சொன்னனான். பத்து வீதம் குறைச்சவன்."

தொடர் நிண்ட பிறகு மேடை.
மதுக்கடைக்கு மேல்மாடியில் நாற்பது பேர்.
மார்கழியில் சின்னப்பிள்ளையளின்ர நாடகத்தில் குதிரை.
முழுக்குதிரை இல்லை.
முன்பாதி வேறொருத்தர்.

அண்டிரவு அரை மணித்தியாலம்
ஒரு கதிரையும் அசையேல்ல.
ஒவ்வொரு பகிடிக்கும் பிறகு
சிரிப்புக்கு இடம்விட்டு நிண்டார்.
அந்த இடத்தில் நுளம்பு பாடிச்சுது.
முன்வரிசையில் கிராம சேவகர்
மரியாதைக்குக் கைதட்டினார்.
அது இன்னும் மோசம்.

பிறகு கரண்ட் போச்சு.
என்ர ஜெனரேற்றர் ரெண்டுதரம் இருமிப்போட்டு நிண்டுது.
இருட்டுக்குள்ளை அவற்றை குரல்,
வேலை முடியிற நேரத்து அலுப்போடை:
"வேற ஏதும்?"

"கரண்ட்!" எண்டாள் பின்னாலை ஒருத்தி.
முதல் சிரிப்பு அதுதான்.
"முடிஞ்சுது, திங்கள் வரும். வேற?"
"அஞ்சு மணி பஸ்!"
"பஸ் இருக்கு, றைவர் இல்லை. வேற?"
"யானைக்கு வேலி!"
"வந்தது. யானை வாங்கிக்கொண்டு போட்டுது."
கதிரையள் கிறீச்சிடத் துவங்கிச்சுது.
"எங்கட காணி!"
"அதுக்கு ஆமி முற்பணம் கட்டியிருக்கு."
ஆரோ விழுந்த சத்தம்.
"வேற?"

"துளசீகரன்" எண்டுது ஒரு பொம்பிளைக் குரல்.
பேர் மட்டும்.

அவர் முடிஞ்சுது எண்டு சொல்லேல்ல.
திங்கள் எண்டும் சொல்லேல்ல.
நான் ஜெனரேற்றர்க் கயிறைப் பிடிச்சபடி
இழுக்காமல் நிண்டன்.
பிறகு அந்தப் பேரை,
கொப்பியில் எழுதிறவன் வாய்க்குள்ளை சொல்லுமாப்போலை,
மெல்லத் திருப்பிச் சொன்னார்.
"துளசி... கரன். சரியோ?"
"சீ. நெடில்" எண்டுது அதே குரல்.
"நெடில்" எண்டார்.

ஒண்டிரண்டு பேர் சிரிச்சினம்.
அவவும் சிரிச்சவ எண்டுதான் நினைக்கிறன்.
இருட்டு.

"ரெண்டு பால்மா!" எண்டு ஒரு பெடியன் கத்த
கடை திரும்பத் திறந்துது.
கரண்ட் பத்தரைக்கு வந்தது.
"நிப்பாட்டு!" எண்டு சனம் கத்திச்சுது.

காலமை எண்ணினன்.
ஒரு வரிசையும் வரிசையாயில்லை.
பதினாலு குப்புற,
ஒண்டு கிணத்தடியில், ஏனெண்டு தெரியேல்ல.
ஒண்டுக்குப் பின்னங்கால் முறிஞ்சு கிடந்தது.
அவர் காசு எடுத்தார். வேண்டாமெண்டன்.
"பிடியும் தம்பி. பின்னங்காலிலைதானே
இப்ப என்ர சீவியம் ஓடுது."
தலையாட்டி வாங்கினன்.

மூண்டு நாள் கழிச்சு, படுக்கையில் கிடக்கேக்கை
அந்தக் குதிரை விளங்கிச்சுது.
மனிசி எழும்பி விளக்கைப் போட்டு,
இந்தச் சாமத்திலை என்ன விசர் எண்டா.